விரல் மடக்கினால் மாட்டிக்கொள்கிறதா? கோளாறு உள்ளங்கையில் இருக்கிறது

"விரலை மடக்குனா மாட்டிக்குது, மறுபடி நீட்டுனா டக்குனு சொடுக்கிட்டு வருது" என்று சொல்பவர்களிடம், எந்த இடம் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் விரலின் நடுக்கணுவைத்தான் தொட்டுக் காட்டுவார்கள். சொடுக்குவது அங்கேதான் தெரிகிறது. வீட்டில் உள்ளவர்களும் அந்தக் கணுவுக்கே எண்ணெய் தேய்த்து நீவுவார்கள், தைலம் போடுவார்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து "எலும்பெல்லாம் நல்லாத்தானே இருக்கு" என்று குழம்புவதும் உண்டு.

மருத்துவர்கள் டிரிகர் ஃபிங்கர் என்று சொல்லும் இந்தக் கோளாறில் எலும்பு நன்றாகத்தான் இருக்கிறது. நடுக்கணுவிலும் பெரும்பாலும் கோளாறு கிடையாது. உள்ளங்கையில், அந்த விரல் கிளம்பும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே, ரேகை ஓடுகிற பகுதியில்தான் சிக்கல். இதை மட்டும் பிடித்துக்கொண்டால் எந்த வைத்தியம் எதற்கு, எது வீண், எது ஆபத்து என்பதெல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

சோதித்துப் பார்க்க வேண்டுமானால் அந்தக் கையை மல்லாத்தி வையுங்கள். மறு கையின் கட்டைவிரலால், மாட்டிக்கொள்ளும் விரலின் அடியில் உள்ளங்கையை அழுத்திப் பிடித்தபடி, அந்த விரலை மெதுவாக மடக்கி நீட்டுங்கள். சின்னதாக ஓர் உருண்டை விரலோடு சேர்ந்து முன்னும் பின்னும் நகர்வது தட்டுப்படலாம். அழுத்தினால் அங்கே சுருக்கென்று வலிக்கும். மருத்துவர் செய்யும் பரிசோதனையும் கிட்டத்தட்ட இதுவேதான். இதற்கு ஸ்கேன் பொதுவாகத் தேவைப்படாது.

உள்ளே என்ன நடக்கிறது

விரலுக்குள் தசை கிடையாது. விரலை மடக்குகிற பெரிய தசைகள் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே முன்கையில் இருக்கின்றன. அவற்றிலிருந்து கிளம்பும் தசைநாண்கள் மணிக்கட்டைத் தாண்டி, உள்ளங்கை வழியாக விரலுக்குள் போகின்றன. ஒவ்வொரு விரலுக்கும் இரண்டு, கட்டைவிரலுக்கு மட்டும் ஒன்று. தசை இழுத்தால் நாண் நகரும், விரல் மடங்கும்.

இந்த நாண் எலும்பை ஒட்டியே ஓட வேண்டும். இல்லாவிட்டால் மடக்கும்போது எலும்பை விட்டு மேலெழும்பித் தோலைத் தள்ளிக்கொண்டு நிற்கும், பிடியில் வலு இருக்காது. அதனால் விரல் நெடுகிலும் வளையம் வளையமாகக் கெட்டியான பட்டைகள் நாணை எலும்போடு சேர்த்துப் பிடித்திருக்கின்றன. நாணைச் சுற்றி மெல்லிய உறையும், வழுவழுப்புக்குக் கொஞ்சம் திரவமும் உண்டு. உள்ளங்கையிலிருந்து விரலுக்குள் நுழையும் வாசலில் இருக்கிற முதல் வளையத்துக்கு மருத்துவர்கள் ஏ-1 என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கையை இறுக்கும்போது அதிக அழுத்தம் விழுவது இந்த வளையத்தின் மேல்தான். நாளடைவில் வளையம் தடித்து உள்வழி சுருங்குகிறது. உராய உராய நாணும் அந்த இடத்தில் புடைத்து உருண்டை கட்டுகிறது. பிரெஞ்சு அறுவை மருத்துவர் அல்போன்ஸ் நோட்டா 1850இல் இந்த உருண்டையைப் பற்றி எழுதினார். இன்றைக்கும் அது அவர் பெயரால்தான் அறியப்படுகிறது.

திருபுவனத்துப் பட்டுத்தறியில் பாவு இழை ஒன்றில் முடிச்சு விழுந்துவிட்டால், அச்சின் இடுக்கில் வந்து அது நின்றுவிடும். பலமாக இழுத்தால் ஒன்று தாண்டும், இல்லையென்றால் இழை நைந்துபோகும். விரலிலும் ஏறத்தாழ அதே கதைதான்.

மடக்கும்போது வராத சிரமம் நீட்டும்போது ஏன் வருகிறது என்று கேட்கலாம். மடக்கும் தசைகள் முரட்டு பலம் உள்ளவை. உருண்டையை வளையத்தின் வழியாக உள்ளங்கைப் பக்கம் இழுத்துக்கொண்டு வந்துவிடுகின்றன. விரலை நீட்டும் தசைகளுக்கு அந்த அளவு வலு இல்லை. உருண்டை வளையத்துக்கு இந்தப் பக்கமே சிக்கி நிற்கிறது. மறு கையால் பிடித்து நிமிர்த்தும்போது அது வாசலைத் தாண்டுகிறது, அந்த அதிர்வு நடுக்கணுவில் சொடுக்காகத் தெரிகிறது. காலையில் மோசமாகவும் பத்து மணி வாக்கில் சுமாராகவும் இருப்பதற்கு, இரவெல்லாம் விரல்கள் மடங்கிக் கிடப்பதும், அசைவில்லாமல் உறைக்குள் நீர் கோப்பதும் காரணம். வெந்நீரில் கையை வைத்தால் கொஞ்ச நேரம் இளகும்.

முதலில் உள்ளங்கையில் வலி மட்டும் இருக்கும். அடுத்து அவ்வப்போது சொடுக்கும், ஆனால் தானே நிமிரும். பிறகு மறு கை உதவி இல்லாமல் நிமிராது. கடைசியில் மறு கையால் இழுத்தாலும் நிமிராமல் மடங்கியபடியே இறுகிவிடும். எல்லோரும் கடைசிவரை போவதில்லை. சிலருக்கு ஆரம்பத்திலேயே தானாகவும் அடங்கிவிடுகிறது.

யாருக்கு வருகிறது, சர்க்கரை ஏன் நடுவில் வருகிறது

நாற்பது வயதிலிருந்து அறுபதுக்குள் அதிகம். ஆண்களை விடப் பெண்களுக்கு அதிகம். மோதிர விரலும் கட்டைவிரலும் முதலில் மாட்டும், நடுவிரல் அதற்கடுத்து. பொதுவாக நூறு பேரில் இரண்டு மூன்று பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது இது வரும் என்பார்கள். சர்க்கரை நோயாளிகளிடம் அந்தக் கணக்கு நூற்றுக்குப் பத்து வரை போகிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். இரத்தத்தில் சர்க்கரை நெடுநாள் கூடுதலாக இருந்தால், அது நாணிலும் வளையத்திலும் உள்ள கொலாஜன் என்னும் நார்ப்புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. நார்கள் ஒன்றோடொன்று பிணைந்து விறைத்துத் தடிக்கின்றன. அதனால் சர்க்கரை உள்ளவர்களுக்கு ஒரு விரலோடு நிற்காமல் இரண்டு மூன்று விரல்களில், இரண்டு கைகளிலும் வருவது சகஜம். ஊசி போட்டாலும் மற்றவர்களுக்குக் கேட்கும் அளவுக்குக் கேட்பதில்லை. எத்தனை ஆண்டுகளாகச் சர்க்கரை இருக்கிறது என்பதைப் பொறுத்தும் இது கூடும்.

தலைகீழாகவும் நடக்கும். சர்க்கரை இருப்பதே தெரியாமல், விரல் மாட்டுகிறது என்று போன இடத்தில் இரத்தப் பரிசோதனை செய்து கண்டுபிடிப்பது உண்டு. நாற்பதைத் தாண்டியவருக்கு விரல் மாட்டத் தொடங்கினால், தைலம் வாங்கும் முன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை பார்த்துவிடுவது நல்லது. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர் மூன்று மாதச் சராசரி அளவையும் பார்த்துக்கொள்ளலாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவருகிறவரிடமும் விரலைக் காட்டிச் சொல்லி வைக்கலாம். அந்தத் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் சேர்ந்தே இருக்கிறது.

தைராய்டு குறைவு, முடக்குவாதம் என்று சொல்லப்படும் மூட்டழற்சி, டயாலிசிஸ் செய்துகொள்ளும் நிலை ஆகியவற்றோடும் இது வரும். மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படும் கோளாறும் இதுவும் ஒரே கையில் ஜோடியாக வருவது அடிக்கடி நடக்கும்.

சரி, வேலை? டெல்டாவில் கைக்கு ஓய்வு கொடுக்கிற தொழில் குறைவு. நடவு நாளில் ஒரு கையில் நாற்று முடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மறு கை விரல்களால் மணிக்கணக்கில் சேற்றில் ஊன்ற வேண்டும். அறுப்பு இயந்திரம் வந்துவிட்டாலும் வரப்புப் புல்லும் வாய்க்கால் ஓரத்துத் தீவனமும் இன்னும் கருக்கரிவாளால்தான் அறுபடுகின்றன. அரிவாள் பிடி வந்து அழுந்துவது சரியாக அந்த முதல் வளையத்தின் மேல். சுவாமிமலையில் வார்த்தெடுத்த சிலைக்கு அரமும் உளியும் பிடிப்பவர், நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு கடைபவர், பூக்கட்டுபவர், கத்தரிக்கோல் பிடிக்கும் தையல்காரர், கழியைப் பிடித்துத் தவிலில் நாள் முழுக்கச் சாதகம் செய்பவர் என்று பட்டியல் நீளும். ஆனாலும் வேலைதான் காரணம் என்று அடித்துச் சொல்ல ஆதாரம் போதாது. அதே வேலையை அதே வயதில் செய்யும் பக்கத்து வீட்டுக்காரருக்கு வருவதில்லை. அரிவாளே தொடாத வங்கி ஊழியருக்கு வருகிறது. வந்துவிட்ட விரலை இறுக்கிப் பிடிக்கும் வேலை மேலும் மோசமாக்கும் என்பது மட்டும் உறுதி. வேலையை ஒரேயடியாகப் பழிப்பதை விட, அதைச் செய்யும் விதத்தை மாற்றுவது புத்திசாலித்தனம்.

இது வேறு ஏதாவதா?

விரல் மாட்டாமல், இரவில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய்க் கையை உதறினால் சரியாகிறது என்றால் அது மணிக்கட்டு நரம்பு. சர்க்கரை நோயாளி கும்பிடுகிற மாதிரி இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து வைத்துப் பார்க்கலாம். எவ்வளவு அழுத்தினாலும் விரல்களுக்கு நடுவே இடைவெளி விழுகிறது, ஆனால் சொடுக்கு இல்லை என்றால் மூட்டுகளும் தோலும் விறைத்திருக்கின்றன என்று பொருள். அது இதற்கு உறவுதான், ஆனால் வேறு.

ஒன்றை மட்டும் இதோடு குழப்பிக்கொள்ளவே கூடாது. கருவேல முள்ளோ மீன் முள்ளோ குத்தி, ஓரிரு நாளில் விரல் முழுக்க ஒரே சீராக வீங்கி, லேசாக மடங்கியபடியே நின்று, யாராவது தொட்டு நிமிர்த்தினாலே உயிர் போகிற மாதிரி வலித்தால் அது உறைக்குள் சீழ் பிடிப்பது. காய்ச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இரண்டு நாள் தள்ளினால் விரலே உதவாமல் போகலாம்.

முதலில் என்ன செய்யலாம்

எதைச் செய்யக்கூடாது என்பதிலிருந்து தொடங்குகிறேன். இழுத்து விடாதீர்கள். "சுளுக்குதாம்மா, இப்படிக் குடு" என்று கையைப் பிடித்து ஒரே வெடுக்காக நிமிர்த்துகிற பெரியப்பா எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். அவர் நல்லவர்தான். ஆனால் ஒவ்வொரு வெடுக்கிலும் உருண்டை வளையத்தில் உரசி இன்னும் புடைக்கிறது. நெட்டி முறிப்பதும், போகிறதா போகிறதா என்று நாளெல்லாம் சொடுக்கிப் பார்த்துக்கொண்டிருப்பதும் அப்படியே. மாட்டிக்கொண்டால் வெதுவெதுப்பான நீரில் கையை வைத்து, மறு கையால் மெல்ல நிமிர்த்தினால் போதும்.

அடுத்து இறுக்கமான பிடியைத் தளர்த்துவது. அரிவாள், களைக்கொத்து, உளி ஆகியவற்றின் பிடியில் பழைய சைக்கிள் டியூபையோ துணியையோ சுற்றித் தடிமனாக்கினால் விரல் அவ்வளவு மடங்க வேண்டியதில்லை. கடைத்தெருவிலிருந்து வரும்போது பையை விரல் நுனியில் கொக்கி போட்டுத் தூக்காமல் முன்கையில் மாட்டிக்கொள்ளலாம். ஈரப் புடவையை முறுக்கிப் பிழிவதை வீட்டில் வேறு யாராவது செய்யட்டும். கழுவிய பாத்திரத்தை எடுத்து வைக்கவே அசையாத வீடுகளும் உண்டு என்பது தெரியும். ஆனாலும் கேட்டுப் பார்க்கலாம்.

மூன்றாவது ஸ்ப்ளின்ட் என்னும் சிறு பட்டை. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நடுக்கணுவை மட்டும் கட்டிவிட்டு, உள்ளங்கையோடு சேரும் அடிமூட்டை விட்டுவிடுவார்கள். வளையம் இருப்பது அடிமூட்டுக்கு எதிரில். அந்த மூட்டை நேராக, அல்லது மிக லேசான மடிப்பில் நிறுத்திவைத்தால் உருண்டை வளையத்துக்குள் போய் வருவது நிற்கும், விரல் நுனி தாராளமாக அசையலாம். இரவில் கட்டாயம் போட வேண்டும், முடிந்தால் பகலிலும். ஆறு வாரத்திலிருந்து பத்து வாரம் வரை பொறுமை வேண்டும். ஆரம்ப நிலையில் உள்ளவர்களுக்கு இது பலன் தரும். பல மாதமாக இறுகிப்போன விரலுக்கு இதை மட்டும் நம்பியிருப்பது காலத்தை வீணாக்குவது. விரலையே அசைக்க முடியாதபடி முழுக் கட்டுப் போட்டு வைப்பது இன்னும் தப்பு, மூட்டும் சேர்ந்து விறைத்துவிடும்.

வலிக்கு மேலே தடவும் ஜெல் சரி. மெடிக்கலில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையை வாரக்கணக்கில் விழுங்குவது சரியல்ல. சர்க்கரை, இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. எப்படியும் அந்த மாத்திரை வலியைக் குறைக்கும், வளையத்தை அகலமாக்காது.

ஊசி

ஸ்டீராய்டு என்றதும் பயம் வருகிறது. தினமும் விழுங்கும் ஸ்டீராய்டு மாத்திரையோடு இதை ஒன்றாக வைத்துப் பார்க்கக்கூடாது. டிரையம்சினலோன் அல்லது மெத்தில்பிரெட்னிசலோன் மருந்தைக் கொஞ்சமாக, மரத்துப்போகும் மருந்தோடு சேர்த்து, உள்ளங்கையில் அந்த வளையத்தின் பக்கத்தில் போடுவார்கள். வீக்கம் வடிந்து வழி கொஞ்சம் விடும். மறுநாளே சரியாகவில்லை என்று மனம் விட்டுவிட வேண்டாம், இரண்டு மூன்று வாரம் ஆகலாம். ஒரு தடவை போட்டதிலேயே பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நல்ல குணம் தெரிகிறது. சிலருக்குச் சில மாதம் கழித்து மறுபடி வரும். இரண்டாவது ஊசி போடலாம். அதற்கு மேலும் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டே போவதை மருத்துவர்கள் விரும்புவதில்லை. நாண் பலவீனமாகும் வாய்ப்பு அரிதாக உண்டு. போட்ட இடத்தில் தோல் வெளுப்பதும் மெலிவதும் சிலருக்கு நடக்கும்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஊசி போட்ட பிறகு சில நாட்களுக்கு இரத்தச் சர்க்கரை ஏறும், பிறகு இறங்கிவிடும். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் அந்த நாட்களில் தினமும் பாருங்கள். இன்சுலின் போடுபவர் முன்கூட்டியே மருத்துவரிடம் அளவு கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை ஏற்கெனவே எக்கச்சக்கமாக இருந்தால் அதைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகே ஊசி.

அறுவை

ஆபரேஷன் என்ற சொல்லுக்கு இருக்கும் பயம் இந்த ஆபரேஷனுக்குப் பொருந்தாது. உள்ளங்கையில் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வைத்து, ஒன்று ஒன்றரை சென்டிமீட்டர் கீறி, இறுகிப்போன ஏ-1 வளையத்தை நீளவாக்கில் வெட்டித் திறந்துவிடுவார்கள். உருண்டையை எடுக்க வேண்டியதில்லை, வழி விட்டதும் அது பாட்டுக்கு ஓடும். நீங்கள் முழித்துக்கொண்டுதான் இருப்பீர்கள். "விரலை மடக்கி நீட்டுங்க" என்று மருத்துவர் சொல்லும்போது மாட்டாமல் போகிறதா என்று அங்கேயே பார்த்துவிடுவார்கள். கால் மணி, இருபது நிமிட வேலை. அன்றைக்கே வீட்டுக்கு வரலாம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் எலும்பு மூட்டுப் பிரிவில் போய்க் காட்டலாம்.

வளையத்தை வெட்டினால் பிடி தளர்ந்துபோகுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நாணை எலும்போடு பிடித்துவைக்கும் முக்கியமான வேலையை அடுத்தடுத்த வளையங்கள், குறிப்பாக இரண்டாவதும் நான்காவதும், பார்த்துக்கொள்கின்றன. அவற்றைத் தொடாமல் விடுவதுதான் மருத்துவரின் கைத்திறன். கீறாமல் தடித்த ஊசியைத் தோல் வழியே செலுத்தி வளையத்தை அறுக்கும் முறையும் இருக்கிறது, தழும்பு தெரியாது. கட்டைவிரலில் உணர்வு நரம்பு வளையத்துக்கு மிக அருகே குறுக்காக ஓடுவதால், அங்கே பலரும் திறந்து பார்த்துச் செய்வதையே விரும்புகிறார்கள். முடக்குவாதம் உள்ளவர்களுக்கு வளையத்தை வெட்டாமல் வேறு விதமாகச் செய்ய வேண்டியிருக்கும். அதனால் அந்த நோய் இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

எப்போது செய்துகொள்வது? ஊசி கேட்காதபோது, அல்லது விரல் பூட்டிக்கொண்டு நிமிராதபோது. வழக்கப்படி ஜூன் 12இல் மேட்டூர் திறந்து தண்ணீர் கல்லணை தாண்டிவிட்டால், குறுவை நாற்றங்கால், நடவு என்று யாருக்கும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார நேரம் இருக்காது. அதனால் ஏப்ரல், மே மாதங்களில் முடித்துக்கொள்வது வசதி. ஆனால் விரல் ஏற்கெனவே பூட்டியபடி நிற்கிறது என்றால் பருவத்தைப் பார்த்துத் தள்ளக்கூடாது. மாதக்கணக்கில் மடங்கியே கிடந்தால் நடுக்கணு மூட்டு இறுகிவிடும். பிறகு வளையத்தைத் திறந்தாலும் விரல் முழுதாக நிமிராது. நடுக்கணுவில் நிஜமாகவே கோளாறு வருவது அப்போதுதான்.

செய்த அன்றே விரலை அசைக்கத் தொடங்க வேண்டும். வலிக்குமே என்று பொத்திப் பொத்தி வைத்தால் தழும்பு நாணோடு ஒட்டிக்கொள்ளும். முழுக்க மடக்கி முழுக்க நீட்டுவதைத் தினமும் பல தடவை செய்யலாம். பத்து நாளிலிருந்து பதினான்கு நாளுக்குள் தையல் பிரிப்பார்கள். அதுவரை காயம் நனையக் கூடாது. வயல் சேறு, மாட்டுத் தொழுவம், மீன் கழுவுவது எல்லாம் காயம் நன்றாக மூடிய பிறகுதான். சொடுக்கு உடனே நின்றுவிடும், ஆனால் உள்ளங்கைத் தழும்பு சில வாரம், சிலருக்குச் சில மாதம்கூட, அழுத்தினால் நோகும். தையல் பிரித்த பிறகு தேங்காய் எண்ணெய் தொட்டு அந்த இடத்தை மெல்லத் தேய்த்துவிட்டால் இளகும். சிவந்து, சூடாகி, நீர் கசிந்தால் திரும்பப் போய்க் காட்ட வேண்டும்.

குழந்தைகள் விஷயம் தனி. ஒன்று முதல் மூன்று வயதுக்குள் கட்டைவிரலின் மேல்கணு மடங்கியபடியே நிற்பதை அம்மாக்கள் திடீரென்று கவனிப்பார்கள். விழுந்து அடிபட்டிருக்கும் என்று வீட்டில் சண்டைகூட வரும். அடிபட்டதால் வருவது அல்ல. நாணுக்கும் வளையத்துக்கும் அளவு பொருந்தாமல் போவதுதான். குழந்தைக்கு இழுத்து நிமிர்த்தவும் கூடாது, ஊசியும் வேண்டியதில்லை. கணிசமான குழந்தைகளுக்கு வளர வளரத் தானே நிமிர்ந்துவிடுவதால் மருத்துவர்கள் பெரும்பாலும் பொறுத்துப் பார்ப்பார்கள். நிமிராவிட்டால் அதே சின்ன அறுவைதான். ஆனால் குழந்தை கையை நீட்டிக்கொண்டு அசையாமல் இருக்காது என்பதால் முழு மயக்கம் கொடுத்தே செய்வார்கள்.